ஒன்பதாவது பொருள்

வலியசாலை, திருவனந்தபுரம்
5 ஜூலை 2024

அன்புள்ள பிரிஸில்லா,

உன் நம்பருக்கு இருபது தடவையாவது கூப்பிட்டிருப்பேன். நீ என்னை பிளாக் செய்துவிட்டாய் என்று ஷில்பா சொன்ன பிறகுதான் புரிந்தது. அதனால் இந்தக் கடிதம். கையால் தமிழ் எழுதி எத்தனையோ வருஷமாகிறது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

சஸ்பென்ஷன் உத்தரவு உனக்குக் கிடைத்திருக்கும். கூடவே விசாரணை அறிக்கையின் நகலும் வந்திருக்கும். கடைசிப் பக்கத்தில் இருக்கும் மூன்று கையெழுத்துகளில் ஒன்று என்னுடையது. ஆஸ்பத்திரியின் தர மேலாளர் என்ற முறையில் நான் அந்தக் குழுவில் இருந்தே ஆக வேண்டும், உனக்குத் தெரியும். ஐ.சி.யு.வில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்தபோது அடிக்க வேண்டிய அலாரம் அணைக்கப்பட்டிருந்தது, அணைத்தது பணியில் இருந்த நர்ஸ் என்பதுதான் குழுவின் முன் வந்த விஷயம். அறிக்கை அதைத்தான் சொல்கிறது. உன்னைக் கெட்டவள் என்று எங்கும் சொல்லவில்லை.

பதினைந்து நாளில் நீ பதில் தர வேண்டும். நான் சொல்வதைக் கேள். வக்கீல் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதே. 'வேலை நெருக்கடியில் கவனக் குறைவு ஏற்பட்டது, வருந்துகிறேன்' என்று இரண்டு வரி எழுதிக் கொடு. எச்சரிக்கையோடு முடித்துவிடுவார்கள். ஓணத்துக்கு முன்னால் நீ வேலைக்குத் திரும்பிவிடலாம்.

இறந்துபோன தங்கப்பன் சாரின் முகம் எனக்கும் மறக்கவில்லை. அப்பா உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடு.

பத்மஜா அக்கா


பாறசாலை
17 ஜூலை 2024

பத்மஜா மேடத்துக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் பிழையில்லாமல்தான் எழுதியிருக்கிறீர்கள்.

கவனக் குறைவு என்று எழுதித் தரச் சொல்கிறீர்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று என்னிடம் யாருமே கேட்கவில்லை. விசாரணை அறையில் மூன்று பேர் இருந்தீர்கள். அலாரத்தை அணைத்தது நீயா என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். போகலாம் என்றீர்கள். ஆறு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. கேட்காததை இப்போது நானே எழுதுகிறேன்.

ஜூன் பதினொன்று, செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டு நாற்பது. எட்டுப் படுக்கைக்கு நானும் ஷில்பாவும் மட்டும். இரண்டாம் படுக்கையிலும் ஐந்தாம் படுக்கையிலும் வென்டிலேட்டர். அவை இரண்டும் ஒரே நேரத்தில் கத்தின. நான் இரண்டுக்கு ஓடினேன், ஷில்பா ஐந்துக்கு. மெஷினைக் கழற்றிவிட்டுக் கையால் பலூனை அழுத்தி மூச்சுக் கொடுத்தோம். ஆறாம் படுக்கையில் தங்கப்பன் சார். அவருக்கு மாஸ்க் மட்டும்தான். நிமோனியா குறைந்து மறுநாள் வார்டுக்குப் போக வேண்டியவர். அன்று காலையில் என்னிடம் தோசை கேட்டார். அவர் மாஸ்கை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கையை எடுத்தால் இரண்டாம் படுக்கைப் பெண் போய்விடுவாள். அவரைப் பார்த்துக்கொண்டே நான் பலூனை அழுத்திக்கொண்டிருந்தேன். கீழே சிலிண்டர் அறைக்கு ஆள் ஓடி, வால்வைக் கையால் திறக்க ஒன்பது நிமிஷம் ஆனது.

சுவரில் இருக்கும் அந்த அலாரம் அடித்திருந்தால், மெஷின்கள் கத்துவதற்கு ஐந்தாறு நிமிஷம் முன்பே எங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கணக்கை நான் தினமும் போட்டுப் பார்க்கிறேன். அதை அணைத்தது என் விரல். அதை நான் யார்மேலும் தள்ளவில்லை.

ஆனால் ஏன் அணைத்தேன்? பிப்ரவரியில் புது ஆக்சிஜன் டேங்க் வைத்த நாளிலிருந்து அது ஒரு நாளைக்கு நாற்பது தடவை சும்மா அடித்தது. பதினோரு தடவை சம்பவப் புத்தகத்தில் எழுதினேன். யாரும் வரவில்லை. ஏப்ரலில் ஒரு நாள் நீங்கள் ரவுண்ட்ஸ் வந்தீர்கள். சத்தம் கேட்டு நோயாளிகளின் சொந்தக்காரர்கள் பயப்படுகிறார்கள் என்று பெரிய டாக்டர் உங்களிடம் கத்தியிருந்தார். என்னை ஜன்னல் பக்கம் கூப்பிட்டு நம் தமிழில் சொன்னீர்கள்.

"பிரிஸில்லா, அதை ம்யூட்ல போட்டு வச்சுடு. நான் கமிட்டியில சொல்லிக்கறேன்."

எழுத்தில் தருவீர்களா என்று கேட்டேன்.

"எழுத்துன்னா நாலு பேர் ஒப்பு போடணும், ஆறு மாசம் ஆகும். நான் சொல்றேனே, போறாதா?"

போதும் என்று நினைத்தேன். சொன்னது நீங்கள் என்பதால் நினைத்தேன்.

விசாரணை அறையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது இதைச் சொன்னீர்களா? என் பதினோரு குறிப்புகள் அறிக்கையில் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன?

இரண்டு வரி எழுதித் தர மாட்டேன். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "செய்தத செய்தேன்னு சொல்லு மக்களே. செய்யாதத தலையில ஏத்தாதே" என்றார்.

பிரிஸில்லா


வலியசாலை
29 ஜூலை 2024

பிரிஸில்லா,

மேடம் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

ஏப்ரலில் உன்னோடு ஜன்னல் பக்கம் நின்று பேசியது நினைவிருக்கிறது. நீ எழுதிய அதே வார்த்தைகளைச் சொன்னேனா என்று சத்தியம் செய்ய முடியாது. கொஞ்ச நேரத்துக்கு என்று சொன்னதாகத்தான் எனக்கு நினைவு. கொஞ்ச நேரம் எப்படி இரண்டு மாதமானது? ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு தடவை திரும்பப் போட்டுப் பார்த்திருக்கலாமே? இப்படிக் கேட்பது உனக்குக் கோபம் தரும். விசாரணைக்கு வெளியிலிருந்து வரப்போகும் அதிகாரி இதைவிடக் கடுமையாகக் கேட்பார்.

நான் ஒன்றுமே செய்யவில்லை என்று நினைக்காதே. ஏப்ரல் மாதப் பாதுகாப்புக் கமிட்டியின் நிகழ்ச்சிநிரலில் அந்த அலாரத்தை ஒன்பதாவது பொருளாகச் சேர்த்தேன். ஆறாவது பொருளோடு கூட்டம் முடிந்தது. டைரக்டருக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. மீதி மூன்றுக்கும் 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று எழுதிவிடச் சொன்னார். எழுதினேன். அடுத்த கூட்டம் ஜூலையில்.

விசாரணையிலும் நான் சும்மா இருக்கவில்லை. டேங்க் வைத்தது ஒரு கம்பெனி. குழாயைப் பார்த்துக்கொள்வது வேறொரு கான்ட்ராக்டர். அலாரம் மூன்றாவது ஆளுடையது. புது டேங்க் தரும் அழுத்தம் அவர்கள் சான்றிதழ்படி சரி. அலாரம் பழைய டேங்கின் அழுத்தத்துக்கு வைக்கப்பட்டது, அதற்கும் சான்றிதழ் இருக்கிறது. டேங்க் படுத்துவிட்டால் தானாகச் சிலிண்டருக்கு மாற வேண்டிய வால்வை யார் சோதிக்க வேண்டும் என்று மூன்று ஒப்பந்தத்திலும் ஒரு வரி இல்லை. அவரவர் எல்லைக்குள் எல்லாரும் சரியாகவே இருக்கிறார்கள். அந்த எல்லைகளுக்கு நடுவில்தான் அந்த மனிதர் இறந்தார். இதை நான் வாய்விட்டே சொன்னேன். டைரக்டர் கேட்டு முடித்துவிட்டு, "பத்மஜா, அறிக்கைக்கு ஒரு பேர் வேணும். குழாய்க்கு சஸ்பென்ஷன் ஆர்டர் கொடுக்க முடியுமோ?" என்றார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

உன் குறிப்புகளுக்காகச் சம்பவப் புத்தகத்தைக் கேட்டேன். பழைய புத்தகம் கிடைக்கவில்லை என்கிறார்கள். யாரிடம் மேலே கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பதினான்கு வருஷம் இந்த வேலையில் இருக்கிறேன். இவருக்கு பைபாஸ் ஆனதிலிருந்து வீடு என் தலையில்தான் ஓடுகிறது. இதை நியாயமாகச் சொல்லவில்லை, நீ தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

பத்மஜா


பாறசாலை
21 ஆகஸ்ட் 2024

மேடத்துக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பும்போது எங்கள் வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. தங்கப்பன் சாரின் மனைவி சரசம்மாவும் மகன் வினீத்தும் வந்திருந்தார்கள். அந்த அம்மாவின் கையில் உங்கள் அறிக்கை இருந்தது. என் பெயருக்குக் கீழே யாரோ பேனாவால் கோடு போட்டிருந்தார்கள்.

அவர் சண்டை போட வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, அப்பா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "மக்களே, நீ எதுக்கு அத அணச்சே?" என்று கேட்டார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதை அவரிடம் சொல்ல அந்தப் பெரிய கட்டிடத்தில் ஒரு ஆள் இல்லை. பாறசாலை வரைக்கும் வர வேண்டியிருந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தோசை கேட்டதையும் சொன்னேன். அப்போதுதான் அழுதார். உங்கள் பெயரை மட்டும் சொல்லவில்லை. மேலே இருந்து அணைக்கச் சொன்னார்கள் என்றேன். வினீத் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மேல இருந்துன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. மேல யாரு?" என்றான். பொய் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டே போனான்.

இப்போது நான் எழுத வந்தது. ஷிப்ட் முடியும்போது புத்தகத்தில் எழுதிய பக்கத்தைப் படமெடுத்து, அடுத்து வருபவர்களுக்காக நர்ஸ்கள் குரூப்பில் போடுவது என் வழக்கம். குரூப்பை யாரோ அழித்துவிட்டார்கள். ஆனால் பதினோரு படங்களும் என் போனில் இருக்கின்றன. பதினோரு குறிப்புகளுக்கும் கீழே, ஷிப்ட் முடிவதற்குள்ளேயே 'பார்த்தேன்' என்று எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

செப்டம்பர் 24 அன்று என் விசாரணை. ஆவணம் கொடுக்க 20ஆம் தேதி கடைசி. வக்கீல் இன்றே கொடுக்கச் சொல்கிறார். நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். நீங்களாகவே வந்து சொல்லிவிட்டால் இந்தப் படங்களுக்கு வேலை இல்லை.

பிரிஸில்லா


வலியசாலை
2 செப்டம்பர் 2024

பிரிஸில்லா,

நான் அதைச் சொன்னேன். நீ எழுதிய அதே வார்த்தைகளில் சொன்னேன். கொஞ்ச நேரத்துக்கு என்று சொல்லவில்லை. உனக்கு முதல் கடிதம் எழுதும்போதே எனக்கு எல்லாம் நினைவிருந்தது.

நேற்று டைரக்டரிடம் போய், விசாரணையில் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. டீ வரவழைத்தார். நோயாளிப் பாதுகாப்புக்கென்று தனிப் பிரிவு தொடங்கப் போகிறார்களாம், அதற்கு என்னைத் தலைவியாகப் போட நினைத்திருக்கிறார்களாம். "உள்ளே இருந்தாத்தானே பத்மஜா நல்லது பண்ண முடியும்?" என்று கேட்டார். வெளியே வரும்போது அது சரி என்றுகூட ஒரு நிமிஷம் எனக்குத் தோன்றியது. உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் நான் வருவேன். 24ஆம் தேதி உன் எதிரிலேயே சொல்வேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் படங்களைக் கொடுக்காதே. போன் படத்தைக் காட்டிப் பிடித்ததாக இருக்க வேண்டாம். என் வாயால் நானே சொன்னதாக இருக்கட்டும். இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தும் கேட்கிறேன்.

பத்மஜா


பாறசாலை
26 செப்டம்பர் 2024

மேடத்துக்கு,

20ஆம் தேதி வக்கீல் மூன்று தடவை போன் செய்தார். படங்கள் வேண்டாம், மேடமே வந்து சொல்வார் என்றேன். "நிச்சயமா?" என்று கேட்டார். நிச்சயம் என்றேன்.

நீங்கள் வந்தீர்கள். பச்சைக் கரை போட்ட அந்த வெள்ளைப் புடவை. கையில் ஒரு தாள் இருந்தது. அலாரத்தை அணைக்கும்படி உத்தரவு ஏதாவது இருந்ததா என்று அதிகாரி கேட்டார். தாளைப் பார்த்து நீங்கள் படித்தீர்கள்: "எழுத்து மூலமான உத்தரவு எதுவும் இல்லை."

பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. உண்மையிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து அதை என் கழுத்துக்கு வைத்தீர்கள். எழுத்தில் கேட்டவள் நான். தராதவர் நீங்கள். தராததே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

நான் எழுந்து படங்களைக் காட்டினேன். தேதி முடிந்துவிட்டது என்று அதிகாரி வாங்க மறுத்துவிட்டார்.

இன்று காலை என்னை வேலையிலிருந்து நீக்கிய கடிதம் வந்தது. பதினோரு படங்களையும், செப்டம்பர் 2 அன்று நீங்கள் எழுதிய கடிதத்தின் நகலையும் மத்தியானம் வினீத்துக்கு அனுப்பிவிட்டேன். உங்களுக்குத் தெரியாமல் செய்ததாக இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பிரிஸில்லா


வலியசாலை
24 நவம்பர் 2024

பிரிஸில்லா,

உன் படங்கள் என்ன செய்தன என்று நீ தெரிந்துகொள். வினீத் கொடுத்த புகாரின் மேல் அரசு ஒரு விசாரணை அலுவலரைப் போட்டது. மறுநாளே எங்கள் தெருவில் கேமராக்கள். கோவிலுக்குப் போகிறவர்களை நிறுத்தி என் வீடு எது என்று கேட்டார்கள். இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தார். 12ஆம் தேதி ஆஸ்பத்திரி புது அறிக்கை வெளியிட்டது. எச்சரிக்கைக் குறிப்புகளை மேலே கொண்டுசெல்லாமல் மறைத்தவர் தர மேலாளர் பத்மஜா என்று அதில் இருக்கிறது. அன்றே என்னை அனுப்பிவிட்டார்கள். ஒன்பதாவது பொருளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. முன்பு உன் பெயர் இருந்த இடத்தில் இப்போது என் பெயர் இருக்கிறது. மற்றபடி வரிகள்கூட மாறவில்லை. முதல் அறிக்கையை எழுதியவள் நான்தான் என்பதால் எனக்குத் தெரிகிறது.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது இன்னொரு வெட்டிய உண்மையாகிவிடும். கோபம் இருக்கிறது. அந்தக் கடிதத்தை உனக்காக மட்டும் எழுதியிருந்தேன்.

அந்தத் தாளைப் பற்றி. வராந்தாவில் ஆஸ்பத்திரி வக்கீல் கொடுத்தார். முதல் கேள்விக்கு அதைப் படித்துவிட்டு, அடுத்த கேள்வி வரும்போது மீதியைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வாய்மொழியாக யாராவது சொன்னார்களா என்று அதிகாரி கேட்பார், கேட்டே தீருவார் என்று காத்திருந்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டு ஃபைலை மூடினார். கேட்டால்தான் சொல்வது என்பது பதினான்கு வருஷத்தில் எனக்குப் பழகிவிட்டது. அன்று என்னை யாரும் தடுக்கவில்லை. நான் எழுந்து வெளியே போனேன். உன் பக்கம் திரும்பவில்லை.

இப்போது ஒன்று தெரிகிறது. உன் பெயர் கிடைத்ததும் ஒரு தடவை எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். என் பெயர் கிடைத்ததும் இன்னொரு தடவை போய்விட்டார்கள். அந்த வால்வை இன்று வரை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. மேலே எட்டுப் படுக்கையும் நிரம்பியிருக்கிறது.

இதனுடன் பதினைந்து பக்கம் வைத்திருக்கிறேன். மூன்று ஒப்பந்தங்களில் எந்த வரி எங்கே நிற்கிறது, எந்தக் கூட்டத்தில் யார் இருந்தார்கள், எது எந்தப் பொருளோடு முடிந்தது, ஜன்னல் பக்கம் நான் உன்னிடம் சொன்னது, நீ எழுத்தில் கேட்டது எல்லாம் இருக்கிறது. எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எதுவும் கேட்டு வாங்கியதில்லை. நீ யாரிடம் கொடுத்தாலும் சரி.

பத்மஜா


மார்த்தாண்டம்
9 பிப்ரவரி 2025

மேடத்துக்கு,

உங்கள் பதினைந்து பக்கமும் விசாரணை அலுவலரிடம் போய்ச் சேர்ந்தது. ஜனவரியில் அவர் மூன்று கம்பெனி ஆட்களையும் ஒரே நாளில் அந்தச் சிலிண்டர் அறையில் நிற்க வைத்து, டேங்கை மூடச் சொன்னாராம். ஷில்பா கூட இருந்து பார்த்தாள். வால்வு மாறவில்லை. ஜூன் மாதம் மாட்டிக்கொண்ட அதே இடத்தில் மறுபடி மாட்டிக்கொண்டது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள் என்று சொன்னாள். ஏழு மாதம் அதன்மேல் நோயாளிகளைப் படுக்க வைத்திருக்கிறார்கள்.

ஐ.சி.யு.வைப் பத்தொன்பது நாள் மூடினார்கள். இப்போது டேங்கிலிருந்து படுக்கை வரை முழுக் குழாய்க்கும் ஒரே ஆள் பொறுப்பு. நர்ஸ் எழுதும் புகாருக்கு இரண்டு நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் அந்தப் பிரிவில் புது நோயாளியைச் சேர்க்கக் கூடாது என்று உத்தரவு. எவ்வளவு நாள் நிற்கும் என்று தெரியாது. ஷில்பா போன வாரம் ஒன்று எழுதினாளாம், மறுநாளே பதில் வந்ததாம்.

என்னைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. இங்கே ஒரு டயாலிசிஸ் சென்டரில் சேர்ந்திருக்கிறேன். மெஷின் சத்தம் போட்டால் இன்னும் முதலில் சுவரைத்தான் பார்க்கிறேன்.

உங்களுடைய பக்கங்களைக் கொடுப்பதற்கு முன், சரசம்மா வீட்டுக்கு எடுத்துப் போய் முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு மணி நேரம் ஆனது. நடுவில் வினீத் எழுந்து வெளியே போய்விட்டான். அந்த அம்மா அசையாமல் கேட்டார். முடிந்ததும் தாள்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஒன்று கேட்டார்.

"இம்புட்டும் அவளுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கே. ஏப்ரல் மாசம் எழுதியிருந்தா ஒரு பக்கம் போதுமே மக்களே. ஏன் எழுதல்ல?"

நீங்கள் எனக்குச் சொன்ன காரணங்களெல்லாம் தெரியும். வேலை, வீடு, கமிட்டி, பழக்கம். அந்த அம்மாவின் முன்னால் ஒன்றையும் என்னால் எடுத்துச் சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டியவள் நானும் இல்லை.

எனக்கு இனி எழுத வேண்டாம். அவருக்கு எழுதுங்கள். காத்திருப்பதாகச் சொன்னார்.

சரசம்மா தங்கப்பன்,
கிழக்குத் தெரு, கரமனை,
திருவனந்தபுரம்.

அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும்.

பிரிஸில்லா